கதவு உடனே திறக்காது

சிடாம் கிரியிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இந்த வருடம் நான்கு பிள்ளைகள் மடத்துக்குப் போகிறீர்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். சபை வேறு, ஊர் வேறு. போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே நின்றபோது, “உபதேசியார் தாத்தா, அங்க எப்படி இருக்கணும்?” என்று கேட்டீர்கள். கோயில் வாசலில் நின்றபடி பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியா அது? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மடத்தில் 9 வருடம் இருந்தேன். பிறகு தோட்டத்துச் சிற்றாலயத்தில் 31 வருடம் உபதேசியாராக இருந்தேன். இரண்டு காலத்திலும் என் தலைமாட்டை விட்டு அகலாத புத்தகம் ஆசீர்வாதப்பர் எழுதிய மடத்து ஒழுங்கு. இன்று பெனடிக்ட் என்கிறார்கள். என் பாட்டி ஆசீர்வாதப்பர் என்றாள்; நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

ஏறக்குறைய 480-ல் இத்தாலியில் நூர்சியா என்ற மலையூரில் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்புதான் ரோமின் கடைசி மேற்கத்தியப் பேரரசன் அரியணை இழந்தான். கோத்தியர் ஆட்சி, போர், பஞ்சம், கொள்ளைநோய், இவற்றின் நடுவே வாழ்ந்து, மோந்தே கசீனோ மலைமேல் தாம் கட்டிய மடத்தில் 547 வாக்கில் இறந்தார். அவர் ஒழுங்கில் 73 அதிகாரங்கள். அதைத் தொடக்கக்காரர்களுக்கான சின்ன ஒழுங்கு என்றுதான் கடைசி அதிகாரத்தில் அவரே சொல்கிறார். ஆகவே உங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

1. கதவு உடனே திறக்காது. மனம் தளராதீர்கள்.

புதிதாக வருகிறவனை எளிதாகச் சேர்க்கக் கூடாது என்கிறார் ஆசீர்வாதப்பர். நான்கைந்து நாள் அவன் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கட்டும், கடுஞ்சொல்லைப் பொறுக்கட்டும், அப்புறம் விருந்தினர் அறைக்குள் விடுங்கள் என்கிறார். உள்ளே போன பிறகும் அவசரம் கிடையாது. 2 மாதம் கழித்து ஒழுங்கு முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டுவார்கள். விருப்பம் இருந்தால் இரு, இல்லையென்றால் தாராளமாகப் போ என்பார்கள். அடுத்த 6 மாதம் கழித்து மறுபடி வாசிப்பார்கள். இன்னொரு 4 மாதம் கழித்து மூன்றாம் முறை. ஒரு வருடத்தில் மூன்று முறை போகிற வழியைத் திறந்து காட்டிய பிறகுதான் வாக்குறுதி வாங்குவார்கள்.

உங்களிடமும் படிவம் கேட்பார்கள், மருத்துவச் சான்று கேட்பார்கள், பங்குச் சுவாமியின் கடிதம் கேட்பார்கள், “இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வா” என்றுகூடச் சொல்வார்கள். அதை அவமதிப்பாக எடுக்காதீர்கள். உங்கள் ஆசை எவ்வளவு நாள் தாங்கும் என்று அவர்களைவிட நீங்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. மணி அடித்ததும் எழுந்திருங்கள்.

நம் தாத்தா பாட்டிகளுக்கும் மணி அடித்தது. விடியுமுன், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே எழுப்பினார்கள். பிந்தினால் அன்றைய பேர் இல்லை, கூலியும் இல்லை, கங்காணியின் வசவு வேறு. அந்த மணி பயத்தால் எழுப்பியது. அந்த நினைவு நம் ரத்தத்தில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் நம் பிள்ளைகளில் சிலர் மடத்து மணியைக் கேட்டதும் அடங்கிப்போகிறார்கள், சிலர் முரண்டு பிடிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம்.

ஆசீர்வாதப்பர் எப்படி எழுப்புகிறார் பாருங்கள். இரவுச் செபத்துக்குச் சகோதரர்கள் ஒருவரையொருவர் மெதுவாக உற்சாகப்படுத்தி எழுப்ப வேண்டும். தூக்கக்காரர்கள் சாக்குச் சொல்வார்கள் அல்லவா, அதற்காக. தொடக்கச் சங்கீதத்தை வேண்டுமென்றே நிதானமாக, இழுத்துப் பாட வேண்டும். பிந்தி வருகிறவன் அதற்குள் வந்து சேரட்டும் என்று. அதற்கும் பிந்தினால் வெளியே நிற்க விடக் கூடாது. விட்டால் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வான். உள்ளே வந்து கடைசியில் நிற்கட்டும் என்கிறார். 1,500 வருடத்துக்கு முன்னால், ஒரு சோம்பேறிப் பையனுக்காக ஒரு பாட்டின் வேகத்தையே குறைத்த மனிதர் அவர். இந்த ஒரு இடத்துக்காகவே நான் அவரை நேசித்தேன். பெரட்டு மணிக்கும் மடத்து மணிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அந்த நேசம் தெரிந்த பிறகு எழுந்திருப்பது உங்கள் பொறுப்பு.

3. அடுப்படியில் யார் என்று பாருங்கள்.

ஒரு மடம் நல்ல மடமா என்று அறிய நான் கோயிலைப் பார்ப்பதில்லை, அடுப்படியைப் பார்ப்பேன். ஆசீர்வாதப்பர் ஒழுங்கில் வாரத்துக்கு ஒரு முறை சமையல் முறை மாறும். நோயாளியையும் மடத்தின் முக்கிய வேலையில் இருப்பவரையும் தவிர ஒருவருக்கும் விலக்கு இல்லை. பலவீனருக்குத் துணையாள் கொடுக்கச் சொல்கிறார். சனிக்கிழமை முறை முடிப்பவர் துண்டுகளைத் துவைத்துவைக்க வேண்டும். முறை முடிப்பவரும் புதிதாக ஏற்பவருமாக எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் பண்டசாலைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. பரிமாறுகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கொஞ்சம் ரொட்டியும் குடிக்கவும் கொடுக்கச் சொல்கிறார். எதற்கு? பசியோடு பரிமாறுகிறவன் முணுமுணுப்பான், அதற்காக. நம் அம்மாக்கள் ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டி வழித்துத் தின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதைத் தியாகம் என்று புகழ்ந்தோமே தவிர, ஒருவரும் முதலில் அவளுக்கு ஒரு தட்டு வைக்கவில்லை. மடத்தில் உங்கள் முறை வராத வாரங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சமைப்பவரிடம் போய், “சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு இரண்டு கறி வைக்கச் சொல்கிறார் ஆசீர்வாதப்பர். ஒன்று சேராதவன் மற்றதைச் சாப்பிடட்டும் என்று. நம் மலேசிய மடங்களில் இது மிகவும் உதவும். ஒரே மேசையில் தமிழர், சீனர், ஈபான், கடசான் எல்லாரும் உட்கார்வீர்கள். உங்கள் சம்பல் ஒருவருக்கு நெருப்பு. அவருடைய சூப் உங்களுக்குச் சப்பு. முகம் சுளிக்காமல் சாப்பிடக் கற்பதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது.

4. கத்தியைத் துடைத்து வையுங்கள்.

மடத்தின் கருவிகளையும் சாமான்களையும் பீடத்துப் பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும் என்பது ஆசீர்வாதப்பரின் கட்டளைகளில் ஒன்று. பூசைக் கிண்ணமும் மண்வெட்டியும் அவருக்கு ஒரே மாதிரி. எந்தக் கருவி யாரிடம் இருக்கிறது என்று தலைவர் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்.

இதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் ஆசீர்வாதப்பர் அல்ல, என் அப்பா. பால் வெட்டும் கத்தியை ஒவ்வொரு நாளும் மதியம் தீட்டி, துணியில் சுற்றி, லயத்துக் கூரையின் சட்டத்தில் செருகுவார். பிள்ளைகள் தொடக் கூடாது. அது அவர் வழிபாடு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பெரிய கிரகோரியார் என்ற பாப்பரசர் 593 வாக்கில் ஆசீர்வாதப்பரின் வாழ்க்கையை எழுதினார். அதில் ஒரு கோத்தியன் வருகிறான். இத்தாலியர்களுக்குக் கோத்தியர்கள் வெற்றிகொண்ட அந்நியர்கள். இவனோ அவர்களிலும் எளியவன், ஆனால் துறவியாக விரும்பி வந்தவன். ஏரிக்கரையில் முட்செடி வெட்டும் வேலை கொடுத்தார்கள். முழுப்பலத்தோடு வெட்டினான். கைப்பிடியிலிருந்து இரும்பு கழன்று பறந்து ஆழமான தண்ணீரில் விழுந்துவிட்டது. அவன் நடுங்கினான். மடத்துக் கருவியைத் தொலைத்துவிட்டேன் என்று ஓடிப்போய் மூத்த சகோதரர் மாவுருஸிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டான். ஆசீர்வாதப்பர் வந்தார், வெறும் பிடியை வாங்கித் தண்ணீருக்குள் விட்டார். இரும்பு மேலே வந்து பிடியில் சேர்ந்தது. திருப்பிக் கொடுத்து, கவலைப்படாமல் வேலையைப் பார் என்று அனுப்பினார்.

புதுமையை விட்டுவிடுங்கள். அந்த நடுக்கத்தைப் பாருங்கள். தோட்டத்தில் கத்தி தொலைத்தவன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களே என்று நடுங்கினான். இவனுடைய நடுக்கத்துக்குக் கிடைத்த பதில் தண்டனை அல்ல, கையில் திரும்பி வந்த கருவி. உடைத்தால் மறைக்காதீர்கள். போய்ச் சொல்லுங்கள். மறைத்த கண்ணாடிக் குவளை ஒன்று என் மனத்தில் மூன்று மாதம் உறுத்தியது.

5. முணுமுணுக்காதீர்கள்.

ஒழுங்கு முழுவதிலும் ஆசீர்வாதப்பர் இவ்வளவு கடுமையாக எதிர்க்கிற குற்றங்கள் சிலதான். குடியைக்கூட அவர் ஓரளவு பொறுக்கிறார். துறவிகளுக்குத் திராட்சரசமே ஆகாது என்று பெரியவர்கள் சொன்னாலும் நம் காலத்தவர் கேட்கமாட்டார்கள், அதனால் நாளுக்குக் கொஞ்சம் போதும் என்று விட்டுக்கொடுக்கிறார். முணுமுணுப்புக்கு மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை. எங்கே ஒரு சலுகை கொடுக்கிறாரோ, எங்கே ஒரு நேரத்தை மாற்றுகிறாரோ, அங்கே பல இடங்களில் காரணம் அதுதான்: முணுமுணுப்பு வரக் கூடாது.

ஏன் என்று அவர் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும். இளவயதில் ரோம் படிப்பை விட்டுச் சுபியாக்கோ குகையில் மூன்று வருடம் தனியாக இருந்தார். ரோமானுஸ் என்ற துறவி தம் பங்கிலிருந்து மிச்சம் பிடித்த ரொட்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவார். கயிற்றில் ஒரு சின்ன மணி. அவர் புகழைக் கேட்டுப் பக்கத்து மடத்தார் வந்து, எங்களுக்குத் தலைவராக வாருங்கள் என்று கெஞ்சினார்கள். என் நடை உங்களுக்கு ஒத்துவராது என்று அவர் மறுத்தும் விடவில்லை. போனார். அவர் கண்டிப்பு பிடிக்கவில்லை. முதலில் புறம்பேச்சு, அப்புறம் கூடிப்பேச்சு, கடைசியில் திராட்சரசத்தில் நஞ்சு. அவர் சிலுவை அடையாளம் வரைந்ததும் குவளை உடைந்தது. கோபப்படவில்லை, உங்கள் மனத்துக்கேற்ற தலைவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் குகைக்குத் திரும்பிவிட்டார்.

நமக்கு ஒழுங்கு தந்த மனிதர் தம் முதல் சமூகத்தில் தோற்றுப்போனவர். அந்தக் குவளையின் கசப்பு தெரிந்துதான் எழுதினார். வைகறையிலும் மாலையிலும் தலைவர் கர்த்தர் கற்பித்த செபத்தை எல்லாரும் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார். சேர்ந்து வாழும் இடத்தில் முள் முளைக்கும், மன்னிப்பை நாளுக்கு இருமுறை காதால் கேட்டால்தான் களையும் என்பதற்காக.

குறை இருந்தால் என்ன செய்வது? தாங்க முடியாத வேலையைக் கொடுத்தால்? அதற்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. முதலில் ஏற்றுக்கொள். சுமை பெரிது என்று தெரிந்தால், பொறுமையாக, தக்க நேரம் பார்த்து, தலைவரிடம் நேராகச் சொல். லயத்துச் சுவர் மெல்லியது, அடுத்த வீட்டுப் பேச்சு எல்லாம் கேட்கும் என்று நமக்குத் தெரியும். மடத்துச் சுவரும் அப்படித்தான்.

6. ‘என்னுடையது’ என்ற சொல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ‘என்னுடையது’ கைப்பேசிதான். வேறொன்றும் சொல்லவேண்டியதில்லை. ஒன்று மட்டும்: ஆசீர்வாதப்பர் உடைமையைத் தடுத்த அதே கையால், தேவையானதெல்லாம் கொடுக்கச் சொல்லித் தலைவருக்கும் கட்டளையிட்டார். கத்தி, ஊசி, எழுத்தாணி, கைக்குட்டை வரை பட்டியல் போட்டிருக்கிறார். தேவையைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

7. முந்தி வந்தவர் மூத்தவர்.

மடத்தில் வரிசை வந்த நேரப்படி. காலையில் சேர்ந்தவன், அரைநாள் கழித்துச் சேர்ந்தவனுக்கு அண்ணன். பிந்தி வந்தவன் பிரபு மகனாக இருந்தாலும், முந்தி வந்தவன் அடிமையாக இருந்து வந்தவனானாலும். பாதிரியார் வந்து சேர்ந்தாலும் ஒழுங்கு தளராது. நம்மிடம் சாதி போகவில்லை, பிள்ளைகளே. கல்யாணப் பேச்சு வரும்போது அது எந்த மூலையிலிருந்து எழுந்து வருகிறது என்று உபதேசியாராக இருந்து பார்த்திருக்கிறேன். அதை மூட்டையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். முக்கியமான காரியத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டுக் கேள், சில வேளை ஆண்டவர் நல்லதை இளையவனுக்குத்தான் காட்டுகிறார் என்று தலைவருக்குச் சொல்கிறார் ஆசீர்வாதப்பர். ஆகவே கேட்டால் வாய் திறந்து பேசுங்கள். தலையைக் குனிந்து நிற்பது மட்டும் கீழ்ப்படிதல் அல்ல.

8. திருத்துகிற கையைப் பாருங்கள்.

உங்களில் சிலர் ஒருநாள் மற்றவரைத் திருத்தும் பொறுப்புக்கு வருவீர்கள். பாத்திரத்துத் துருவை அளவுக்கு மீறிச் சுரண்டினால் பாத்திரமே உடையும் என்று தலைவரை எச்சரிக்கிறார் ஆசீர்வாதப்பர். நமக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. பால் வெட்டுபவர் பட்டையை மெல்லிய சீவலாகத்தான் சீவுவார். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடிப்போய்க் கட்டைக்கு மேலே இருக்கும் உயிர்ப்படலத்தில் கத்தி பட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு எந்தக் கத்தியும் அங்கே ஒழுங்காக ஓடாது. அப்படி முடிச்சு விழுந்த மனிதர்களை மடத்திலும் பார்த்தேன், வெளியிலும் பார்த்தேன்.

உங்களைத் திருத்துகிறவர் ஆழமாக வெட்டினால், உடலையோ மானத்தையோ தொட்டால், அது கீழ்ப்படிய வேண்டிய காரியமே அல்ல. உடனே வெளியே சொல்லுங்கள். அந்த இடத்தில் மௌனம் புண்ணியம் அல்ல.

9. பெரிய கனவோடு போகலாம். வெங்காயம் உரிக்கவும் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில், குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரிக்கரைத் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்று ஓர் ஆசிரமம் இருக்கிறது. 1950 மார்ச் 21 அன்று தொடங்கினார்கள். அந்தக் கால நாட்காட்டியில் அது ஆசீர்வாதப்பர் திருநாள். தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஜூல் மோன்சனேன் அடிகளும், ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான ஹென்றி லெ சோவும். காவி உடுத்து, சைவ உணவு உண்டு, நம் மண்ணின் தவத்தையும் ஆசீர்வாதப்பர் ஒழுங்கையும் சேர்க்கப் பார்த்தார்கள். மோன்சனேன் பரம அரூபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தானந்தா என்றும் பெயர் கொண்டார்கள். இருவரும் பெரிய மனம் படைத்தவர்கள். ஆனாலும் நிலைத்துத் தங்கும் சமூகம் ஒன்று அவர்களைச் சுற்றிக் கூடவில்லை. மோன்சனேன் 1957-ல் பாரிஸில் இறந்தார். லெ சோ 1968-ல் இமயத்தின் பக்கம் போய்விட்டார். அந்த வருடம் பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி கேரளத்துக் குரிசுமலையிலிருந்து துணைவர்களோடு வந்து பொறுப்பேற்ற பிறகுதான் அங்கே ஒரு குடும்பம் உருவானது. 1993-ல் இறக்கும் வரை அதுதான் அவர் வீடு.

அங்கே மூன்று வாரம் தங்கியிருந்தேன். உபநிடதம் படித்தவரும் உழவரும் வெள்ளைக்கார விருந்தாளியும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். எனக்கு அங்கே மனத்தில் நின்றது தியான மண்டபம் அல்ல, அந்த வட்டம். ஒரு கனவு இரண்டு பேரை வெகுதூரம் கொண்டுபோகும். பத்துப் பேரைச் சேர்த்துவைப்பது அந்த வட்டம்தான்.

யாழ்ப்பாணத்தில் தோலகட்டி இதற்கும் முந்தியது. 1928-ல் தோமஸ் அடிகள் என்ற நம் தமிழ்ச் சுவாமியே தொடங்கிய செபமாலைத் தாசர் சபை. செபம், மௌனம், தோட்டவேலை. ஊர்ச்சனத்துக்குத் தோலகட்டி என்றால் நெல்லிரசம்தான் முதலில் ஞாபகம் வரும். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கைவேலையை விற்கும்போது வெளியார் விலையைவிடக் கொஞ்சம் குறைத்தே விற்கச் சொன்னவர் ஆசீர்வாதப்பர்.

10. வீட்டாரை மறக்காதீர்கள்.

இது உனக்கு, பாப்பா. உன் அம்மா இப்போதே அழத் தொடங்கிவிட்டார். ஆசீர்வாதப்பருக்கு ஸ்கொலாஸ்திக்கா என்று உடன்பிறந்தவள், அவளும் துறவி. வருடத்துக்கு ஒருமுறை சந்திப்பார்கள். கடைசிச் சந்திப்பில், விடியும் வரை இருந்து பேசு என்று கேட்டாள். ஒழுங்கு இடம் தராது என்றார். அவள் தலையை மேசைமேல் சாய்த்துச் செபித்தாள். தெளிந்திருந்த வானம் இடித்துக் கொட்டியது. அவரால் வெளியே கால் வைக்க முடியவில்லை. இரவு முழுவதும் பேசினார்கள். மூன்றாம் நாள் அவள் இறந்தாள். தமக்கென்று வைத்திருந்த கல்லறையில் அவளைப் புதைத்தார். அதிகம் நேசித்தவள் அவள், அதனால் வென்றாள் என்று கிரகோரியார் எழுதுகிறார். ஒழுங்கை எழுதியவரே அன்று ஒழுங்கை மீறி உட்கார்ந்திருந்தார் என்பதை உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாளுக்கு ஜூலையில் அவர் வருவார். அனுமதி கேட்டு வந்து பார்.

11. போட்டுக்கொண்டு போகும் உடையைப் பற்றி.

வாக்குறுதி கொடுத்தவனுக்கு மடத்து உடை போட்டதும், அவன் வரும்போது போட்டிருந்த உடையைத் தூக்கி எறியக் கூடாது, உடையறையில் பத்திரமாக வைக்க வேண்டும் என்கிறார் ஆசீர்வாதப்பர். ஒருநாள் அவன் போக நேர்ந்தால் அதைப் போட்டுக்கொண்டு போகட்டும் என்று. முதல் வருடம் இதை வாசித்தபோது, நம்பிக்கையில்லாத மனுஷர் என்று நினைத்தேன். ஒன்பதாம் வருடம் நானே வெளியே வந்தேன். துரத்தவும் இல்லை, சண்டையும் இல்லை. என் இடம் அதுவல்ல என்று நானும் என்னை நடத்தியவர்களும் சேர்ந்து செபித்து அறிந்துகொண்டோம். ஊரில் சிலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெண்ணுக்காக வந்துவிட்டான் என்றார்கள். என் அப்பா மட்டும் ஒன்றும் கேட்காமல் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

நீங்கள் நிலைத்திருக்க வேண்டும் என்று தினமும் செபிப்பேன். ஆனாலும் நாளைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையை நல்லதாகப் போட்டுக்கொள்ளுங்கள், மடித்து வைக்கத் தகுந்ததாக. திரும்பி வர நேர்ந்தால், எந்த வருடமானாலும், எந்த நேரமானாலும் நேரே என் வீட்டுக்கு வாருங்கள். சிடாம் கிரியில் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரம்தான். நாலைந்து நாள் தட்ட வேண்டியதில்லை. காது மந்தமாகிவிட்டது, கொஞ்சம் பலமாகத் தட்டுங்கள்.